ஏழாம் மாதத்து இடுப்பு வலியும் கைப்பையில் கிடக்கும் மாத்திரை அட்டையும்

மலேசியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்களில் பொன்ஸ்டன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் அநேகமாக இருக்க மாட்டார். மாதவிலக்கு வலிக்கு அம்மா எடுத்துக் கொடுத்த முதல் மாத்திரை அதுவாக இருந்திருக்கும். பல் பிடுங்கிய பிறகு கிளினிக்கில் கொடுத்ததும் அதுவாக இருந்திருக்கும். கைப்பையின் அடியில், சீப்புக்கும் பழைய ரசீதுகளுக்கும் இடையில், நாலைந்து மாத்திரைகள் மிச்சமுள்ள அட்டையாக ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் அதுதான். இவ்வளவு பழகிய மருந்திடம் யாருக்கும் அச்சம் இருப்பதில்லை. அதன் மருந்துப் பெயர் மெஃபனாமிக் அமிலம் என்பதும், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாம் அதன் உறவுக்காரர்கள் என்பதும், அந்த உறவு முழுவதையுமே கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

நான் பினாங்கில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறேன். பிறை தொழிற்பேட்டையிலும், பாலத்துக்கு அப்பால் பாயான் லெப்பாஸிலும் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானவை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் பாதிக்கு மேல் நின்றே வேலை செய்யும் ஒருவருக்கு ஏழாம் மாதத்தில் இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் வியப்பு. பல் வலியும் ஒற்றைத் தலைவலியும் கர்ப்பம் என்று பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. எனவே, வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வலியைப் பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்வதற்காக நான் இதை எழுத வரவில்லை. அந்த உபதேசத்தைச் செய்ய வீட்டில் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். எந்த மாத்திரை, எத்தனையாவது வாரத்தில், ஏன் கூடாது என்பதை ஒரு முறை விளக்கமாக எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன்.

கடையில் இந்தப் பேச்சு எப்படித் தொடங்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வருபவர் பெரும்பாலும் கர்ப்பிணியாக இருக்க மாட்டார். அவருடைய கணவராக இருப்பார். வேலை முடிந்து, தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மோட்டார் சைக்கிளை வாசலில் அணைக்காமலே நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே வருவார்.

"அக்கா, வோல்டரன் இருக்கா?"

"யாருக்கு தம்பி?"

"வைஃபுக்குத்தான். இடுப்பு வலின்னு ராத்திரியெல்லாம் தூங்கல."

"வேற ஏதும் மருந்து எடுக்கிறாங்களா? மாசமா இருக்காங்களா?"

"ஆமாக்கா, ஏழு மாசம். ஆனா ஒண்ணும் பிரச்சினை இல்ல, மூத்தது பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலயே இதத்தான் குடுத்தாங்க."

அவர் கேட்ட வோல்டரன், டைக்ளோஃபெனாக்கின் கடைப் பெயர். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளை எடுத்த பிறகு, தையல் வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ மெஃபனாமிக் அமிலமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கும் என்பதால் பாலூட்டும் தாய்க்கு அவற்றைப் பொதுவாகத் தடுப்பதும் இல்லை. பிள்ளை வெளியே வந்து, தானாக மூச்சு விட்டு, தன் நுரையீரலைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் கொடுத்த மருந்து அது. பிள்ளை உள்ளே இருக்கும்போது அதே மாத்திரை செய்வது முற்றிலும் வேறொரு வேலை. ஆஸ்பத்திரி கொடுத்தது என்ற நம்பிக்கை முதல் பேற்றிலிருந்து இரண்டாம் கர்ப்பத்துக்குத் தாவிவிடுகிறது. மிச்சமான அட்டையும் கூடவே வந்துவிடுகிறது. என் அனுபவத்தில் இந்தக் குழப்பத்தைவிட அதிகமாக நான் சந்திப்பது எதுவுமில்லை.

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை உலகம் அறிந்துகொண்டது 1971-இல்தான். ஆஸ்பிரினும் அதன் வகை மருந்துகளும் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பதால்தான் வலியும் வீக்கமும் காய்ச்சலும் தணிகின்றன என்று பிரிட்டனின் ஜான் வேன் காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடிபட்ட இடத்தில் வலியைக் கூட்டுகிற புரோஸ்டாகிளாண்டினுக்கு உடலின் வேறு இடங்களில் வேறு கடமைகள் உண்டு. இரைப்பையின் உட்சுவரைக் காப்பது அதுதான். அதனால்தான் இந்த மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்கிறோம். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கருவிலிருக்கும் பிள்ளைக்கு அது செய்யும் வேலை இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நுரையீரலால் பயன் இல்லை. அதற்குள் காற்று கிடையாது, நீர்தான் நிறைந்திருக்கிறது. பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. ஆகவே இதயத்தின் வலப்பக்கம் வெளியே தள்ளும் இரத்தம் நுரையீரலுக்குள் போய்த் திரும்ப வேண்டிய தேவை இல்லை. நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் சில மில்லிமீட்டர் அளவேயான குறுக்கு நாளம் ஒன்று பிள்ளைக்கு உண்டு. டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். வலப்பக்க இரத்தத்தின் பெரும்பகுதி இந்த நாளத்தின் வழியாகவே நேராக உடம்புக்குப் போய்விடுகிறது. அந்த நாளம் சுருங்கிவிடாமல் திறந்தே இருப்பதற்கு வேண்டிய புரோஸ்டாகிளாண்டினை நஞ்சுக்கொடி சுரந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி பிரிந்து, முதல் மூச்சில் இரத்தத்தின் பிராணவாயு அளவு உயர்ந்ததும், நாளத்தின் வேலை முடிந்தது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அது சுருங்கி மூடிக்கொள்கிறது.

இப்போது தாய் ஒரு டைக்ளோஃபெனாக் மாத்திரை விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போகிறது. புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய நாளம் பிறப்பதற்கு முன்பே சுருங்கத் தொடங்குகிறது. பினாங்குப் பாலத்தில் இரண்டு தடங்களை அடைத்தால் பிறை வரைக்கும் வண்டிகள் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை: இதயத்தின் வலப்பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது, இவ்வளவு இரத்தத்தை இன்னும் ஏற்கத் தயாராகாத நுரையீரல் நாளங்களுக்குள் அது திணிக்கப்படுகிறது, அந்த நாளங்களின் சுவர் தடித்துப்போகிறது. இந்த நிலை நீடித்துப் பிறக்கும் பிள்ளைக்கு நுரையீரல் நாளங்கள் பிறந்த பின்பும் தளராமல் இறுகியே இருக்கக்கூடும். பிராணவாயு உடம்புக்குப் போதாமல் பிள்ளை நீலம் பாய்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் வரை தேவைப்படலாம்.

இந்த ஆபத்து எல்லா வாரங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போட இதே குடும்பத்து மருந்தான இண்டோமெத்தசின் கொடுக்கப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தபோது, 27 வாரங்களுக்கு முன் இந்தச் சுருக்கம் அரிதாகவும், 31, 32 வாரங்களை நெருங்க நெருங்க அடிக்கடியும் காணப்பட்டது. நாள் ஆக ஆக நாளம் தன் இறுதி வேலைக்கு, அதாவது மூடுவதற்கு, ஆயத்தமாகிக்கொண்டே வருகிறது. அதனால் மருந்தின் சிறிய தூண்டுதலுக்கும் அது இணங்கிவிடுகிறது. டைக்ளோஃபெனாக் ஒரே ஒரு வேளை எடுத்த பிறகும் நாளம் சுருங்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவை அரிதானவை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன்.

இதே குணத்தை மருத்துவர்கள் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு இந்த நாளம் தானாக மூடுவதில்லை. அதை இண்டோமெத்தசின் கொடுத்தே மூடிவிடலாம் என்று 1976-இல் அறிவிக்கப்பட்டது. இன்றும் குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்த நோக்கத்தோடு ஐபுபுரோஃபென் செலுத்தப்படுகிறது. கடையில் யாராவது, "ஒரு மாத்திரைதானே அக்கா, அது போய் பிள்ளையோட நெஞ்சுல என்ன செஞ்சிடும்" என்று கேட்டால், அதைச் செய்வதற்காகவே குழந்தை மருத்துவர்கள் அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் பதில். வேறு எந்த விளக்கமும் இவ்வளவு விரைவாக எடுபடுவதில்லை.

இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை பழையது. 28 அல்லது 30 வாரங்களுக்குப் பின் வேண்டாம் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் நெடுங்காலமாக அச்சிட்டு வருகிறார்கள். அந்தக் கோடு 20 வாரத்துக்கு இறங்கியதற்குக் காரணம் சிறுநீரகம். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து பனிக்குட நீரின் பெரும்பங்கு பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பிள்ளை அந்த நீரை விழுங்கி, மறுபடி கழித்து, அதை உள்ளே இழுத்து நுரையீரலை விரித்து, அதில் மிதந்தபடி கைகால் அசைத்துத்தான் வளர்கிறது. தாய் எடுக்கும் மருந்து பிள்ளையின் சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் குறைத்தால், சிறுநீர் குறைகிறது. சில நாட்களில் பனிக்குட நீரும் குறைகிறது. நீர் நெடுநாள் குறைந்தே இருந்தால் நுரையீரல் வளர்ச்சி குன்றலாம், மூட்டுகள் அசைய இடமின்றி இறுகலாம், கொப்பூழ்க்கொடி அழுந்தலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 20 வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தது. மருத்துவர் தவிர்க்க முடியாது என்று கருதினால் 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வாரங்களில் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த காலத்துக்குக் கொடுக்கலாம் என்றும், 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கேன் செய்து நீரின் அளவைப் பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அது கூறியது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் 20 வாரத்துக்குப் பின் நீண்ட பயன்பாட்டைத் தவிர்க்கும்படி நினைவூட்டியது. கடைசி மூன்று மாதங்களில் அங்கே ஏற்கெனவே முழுத் தடைதான்.

இதில் என்னைக் கவலைப்படுத்துவது, தாய்க்கு எதுவுமே தெரியாது என்பது. வயிற்றுப் புண் வந்தால் எரியும், ஒவ்வாமை வந்தால் தடிக்கும். அப்படிப்பட்ட பக்கவிளைவை உடம்பே சொல்லிவிடும். இங்கேயோ இடுப்பு வலி போய்விடுகிறது, தூக்கம் வருகிறது, மருந்து நன்றாகக் கேட்டது என்ற திருப்தி மிஞ்சுகிறது. நாளம் சுருங்கியதை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில்தான் பார்க்க முடியும். நீர் குறைந்ததை மிஸ்ஸி, அதாவது கிளினிக் தாதி, வயிற்றை அளக்கும்போதோ அடுத்த ஸ்கேனிலோதான் கண்டுபிடிக்க முடியும். அதனால் "போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் தன் அனுபவத்தை மற்றவருக்குச் சான்றாகச் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் சான்றே ஆகாது.

இவ்வளவு தெரிந்த பிறகு, பொன்ஸ்டன், வோல்டரன், நியூரோஃபென், ஆர்காக்சியா என்ற பெயர்களைக் கண்டால் விலகிக்கொள்ளலாம் என்று தோன்றும். பெயர் தெரிந்து வரும் மாத்திரையை நிறுத்துவது எளிது. நம் ஊரில் சிக்கல், பெயர் தெரியாமல் வருபவற்றால்தான்.

முதலாவது, தனியார் கிளினிக்கின் பொட்டலம். இங்கே பெரும்பாலும் டாக்டரிடமே மருந்தும் வாங்குகிறோம். அழுத்தி மூடும் சிறிய பிளாஸ்டிக் பையில் பத்து மாத்திரைகள், மேலே "தாஹான் சாகிட் (வலி நிவாரணி), சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு மூன்று முறை" என்ற எழுத்து. மருந்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றாலும் கையெழுத்து புரியவில்லையென்றாலும் முகப்பில் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. கம்பெனி பேனல் கிளினிக்கில் எம்.சி.க்காக (மருத்துவ விடுப்புச் சான்றிதழுக்காக) காத்திருக்கும் கூட்டத்தில், கணுக்கால் சுளுக்கு என்று போன பெண்ணிடம் எத்தனை வாரம் என்று கேட்க மறந்துவிடக்கூடும். தொழிற்சாலைச் சீருடை தளர்வாக இருந்தால் ஐந்தாம் மாதத்து வயிறு வெளியே தெரியாது. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். அந்தப் பொட்டலத்தை அலமாரியில் சேமித்து வைத்து, ஆறு மாதம் கழித்து வேறொருவர் எடுத்துப் போடுவது பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, பிளாஸ்டர். தோலில் ஒட்டுவதுதானே, வயிற்றுக்குள் போகாதே என்பது பரவலான எண்ணம். கீட்டோபுரோஃபென் பிளாஸ்டர் தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. இடுப்பில் இரண்டும் தோளில் ஒன்றுமாக நாள்தோறும் மாற்றி மாற்றி ஒட்டும்போது அளவு கூடிக்கொண்டே போகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அதை ஒட்டிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கு நாளம் சுருங்கிய நிகழ்வுகள் ஜப்பானில் பதிவானதால், 2014-இல் அந்த நாடு கர்ப்பத்தின் பிற்பகுதியில் அதற்குத் தடையே விதித்தது. டைக்ளோஃபெனாக் ஜெல்லும் இதே கணக்கில்தான் வருகிறது. கோடாரித் தைலம் பற்றிக் கேட்காத கர்ப்பிணி இல்லை என்பதால் அதையும் சொல்கிறேன்: அதிலும் தசைவலிக்கான பல தைலங்களிலும் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுதான். குமட்டலுக்கு முகர்வதையோ நெற்றிப்பொட்டில் ஒரு துளி தடவுவதையோ நான் தடுப்பதில்லை. முதுகு முழுக்க ஊற்றித் தேய்த்து, மேலே துணி சுற்றிப் படுப்பதைத் தடுக்கிறேன். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் அந்த வேலைக்குப் போதும்; தேய்ப்பவர் கையில்தான் பாதிச் சுகம் இருக்கிறது.

மூன்றாவது, ஜாமு. மூட்டுவலிக்கும் உடம்பு வலிக்கும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் சில பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டும் இதே வகை வலி மருந்துகளும் திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அடிக்கடி கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒரு மூலிகைப் பொடியைப் பற்றி யாராவது புகழ்ந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் அந்தப் பெயரில் அந்த மருந்து உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவு இருந்தாலும் கர்ப்பத்தில் அதைச் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை.

அப்படியானால் எதைத்தான் போடுவது என்ற கேள்விக்கு விடை பாராசிட்டமால். எல்லோருக்கும் அது பனடோல். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் அந்த மாத்திரையையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திப் பேசியதும், அடுத்த வாரமே எங்கள் கடையில் கர்ப்பிணிகள் அதைத் தொடத் தயங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியாகியிருந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், பாராசிட்டமால் எடுத்த கர்ப்பத்தையும் எடுக்காத கர்ப்பத்தையும் ஒப்பிட்டபோது ஆட்டிசத்துக்கு எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. உறுதியான சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் அதே செப்டம்பரில் சொன்னது. மருந்துக்குப் பயந்து காய்ச்சலைத் தணிக்காமல் விடுவது பிள்ளைக்கு நல்லதல்ல. என் அச்சம் இன்னொன்று: பனடோலை ஒதுக்கியவர் வலி தாங்காமல் கடைசியில் கைப்பையிலிருக்கும் பொன்ஸ்டனை நோக்கிப் போய்விடுவார்.

பாராசிட்டமாலையும் மிட்டாய்போல் சாப்பிட முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல், வலி இருக்கும் நாட்களுக்கு மட்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் தேவைப்பட்டால் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ போய்விட வேண்டும். பெரிய அளவில் தொடர்ந்து எடுத்தால் அதுவும் நாளத்தைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயம் மருத்துவர்களிடையே உண்டு. குறைமாதப் பிள்ளைகளுக்கு நாளத்தை மூட அதையும் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பனடோல் என்ற பெயரிலேயே பல பெட்டிகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்ரா என்ற வகையில் மாத்திரைக்கு 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. சளிக்கு என்று விற்பதில் மூக்கடைப்பு மருந்து சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு வேண்டியது எந்தச் சேர்க்கையும் இல்லாத சாதாரணப் பெட்டி.

காய்ச்சல் என்றால் பினாங்கில் டெங்கியை மறந்துவிட்டுப் பேச முடியாது. டெங்கியில் இரத்தத் தட்டுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ எடுத்தால் இரத்தக் கசிவு கூடும் என்பதால் கர்ப்பம் இல்லாதவருக்கே அவை விலக்கு. மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்பு வலியுமாக இருக்கும் கர்ப்பிணிக்கு, ஆகவே, மறுக்க இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பாராசிட்டமால் கொடுத்து, அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

இனி நான் சொல்லப்போவதைப் பாதியில் படிப்பதை நிறுத்துபவர்கள்கூடப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆஸ்பிரினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் முன்பு கர்ப்ப இரத்த அழுத்தம் வந்தவர்கள், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் போன்றோருக்கு, கிளினிக்கில் கார்டிப்ரின் போன்ற 100 மில்லிகிராம் மாத்திரையை 12 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்கச் சொல்வார்கள். அது வலிக்காகக் கொடுப்பது அல்ல; கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் பிரீக்ளாம்ப்சியா என்ற நோய் வராமல் தடுக்கக் கொடுப்பது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆபத்து அதிகமுள்ள பெண்கள் 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் எடுத்தபோது, 37 வாரங்களுக்கு முன்பே வரும் பிரீக்ளாம்ப்சியா 62 விழுக்காடு குறைந்தது. டாக்டர் சொல்லி எடுக்கும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு மேற்சொன்ன எச்சரிக்கைகள் பொருந்தாது என்று எஃப்.டி.ஏ.யே விலக்கு அளித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்து, மாமியாரும் ஆமோதிக்க, அந்த மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரையைத் தெரியாமல் போட்டவரைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். என்றைக்கு நிறுத்துவது என்பதைத் தொடங்கிய டாக்டர் சொல்வார்.

டிரமடோல், கோடீன் போன்றவை வேறு இனம். அவை நாளத்தைத் தொடுவதில்லை, ஆனால் கடைசி வாரங்களில் தொடர்ந்து எடுத்தால் பிறந்த பிள்ளை மந்தமாக மூச்சு விடலாம், மருந்து நின்றதும் நடுங்கி அழலாம். அவற்றை டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதோடு இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த மாத்திரையாலும் மறைக்கக் கூடாத வலிகளும் உண்டு. 20 வாரத்துக்குப் பின் வரும் கடுமையான தலைவலி, அதனோடு கண் மங்குவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் வீங்குவது ஆகியவை பிரீக்ளாம்ப்சியாவாக இருக்கலாம். இடுப்பு வலி விட்டுவிட்டு, அலை அலையாக, வயிறு இறுகுவதோடு வந்தால் அது மாதம் நிரம்பாத பிரசவ வலியாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வலித்து வீங்கினால் இரத்தக்கட்டி, முதுகு வலியோடு காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருந்தால் சிறுநீரகத் தொற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவற்றோடு கடைக்கு வருபவருக்கு நான் எதையும் விற்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன், அது எங்கள் முதலாளிக்குப் பிடிக்காவிட்டாலும்.

இதைப் படிக்கும்போதே, போன வாரம் இரண்டு பொன்ஸ்டன் போட்டேனே என்று நெஞ்சு படபடக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். ஒன்றிரண்டு மாத்திரைகளால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதுவும் ஆவதில்லை. சுருங்கிய நாளம் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. குறைந்த நீரும் சில நாட்களில் ஏறிவிடுகிறது. மேற்கொண்டு எடுக்காமல், மிச்சமுள்ள அட்டையையோ பொட்டலத்தையோ தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) போய், என்ன மருந்து, எந்தத் தேதியில், எத்தனை மாத்திரை என்று மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும். அவர் அதை பிங்க் புத்தகத்தில், அதாவது கர்ப்பப் பதிவேட்டில், எழுதிக்கொள்வார். வாரத்தையும் அளவையும் பார்த்து, ஸ்கேன் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: மிஸ்ஸி திட்டத்தான் செய்வார். இரண்டு நிமிடம் திட்டிவிட்டு, படுக்கையில் சாயச் சொல்லி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.